தொடையில் கஃப் கட்டிப் பயிற்சி: முதலில் அளவெடுங்கள்

முழங்கால் தசைநார் ஆபரேஷன் முடிந்து என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் கபடிப் பையன்களுக்கு ஒரே அவசரம்தான்: சூம்பிப்போன தொடை பழையபடி ஆக வேண்டும். ஆனால் கனமான எடையை மூட்டு இன்னும் தாங்காது. ரத்த ஓட்டத்தைக் குறைத்துச் செய்யும் பி.எஃப்.ஆர். பயிற்சி இங்கேதான் கைகொடுக்கிறது. ஜப்பானில் யோஷியாகி சாட்டோ 1960களில் தொடங்கிவைத்த வழி இது.

தொடை மேலே, இடுப்பு மடிப்பை ஒட்டிக் காற்றடைக்கும் கஃப் (பி.பி. பார்க்கக் கையில் கட்டுவது போன்ற பட்டை) கட்டுவோம். காலுக்கு வரும் ரத்தம் குறையும். திரும்பிப் போக வேண்டிய ரத்தம் தேங்கும். தசை சீக்கிரம் களைத்துவிடுவதால், வழக்கமாகப் பெரிய எடைக்கு மட்டும் அசையும் இழைகளும் வேலைக்கு இறங்கிவிடும்.

ஜிம்மில் சிலர் ரப்பர் டியூபைச் சுற்றிக்கொண்டு ஸ்குவாட் அடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எவ்வளவு இறுக்கம் என்று அவர்களுக்கே தெரியாது. மெல்லிய பட்டை நரம்பையும் அழுத்திவிடும். தொடைக்கென்றே செய்த, அகலமான, அழுத்தம் காட்டும் கஃப்தான் வேண்டும்.

கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியவர்கள், பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்கள், வெரிகோஸ் (காலில் புடைத்துச் சுருண்ட ரத்தநாளங்கள்) அதிகமாக உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொட வேண்டாம். ஆபரேஷன் ஆனவர்கள் சர்ஜனிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

அளவெடுப்பதை முதல் தடவையாவது ஒரு பிசியோவிடம் செய்துகொள்ளுங்கள். உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால், ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்தால் நாடி 'உஷ்... உஷ்...' என்று கேட்கும். கஃபில் மெதுவாகக் காற்றேற்றும்போது அந்தச் சத்தம் எந்த எண்ணில் நிற்கிறதோ, அதில் 60 முதல் 80 சதவீதம்தான் காலுக்குப் போதும். 180-இல் நின்றது என்றால் 108-லிருந்து 144 வரை. புதியவர்களுக்கு நான் கீழ் எண்ணிலேயே தொடங்குவேன். உட்கார்ந்து செய்யும் பயிற்சி என்றால் உட்கார வைத்தே அளக்க வேண்டும். படுத்தால் எண் மாறும்.

எடை, ஒரே ஒரு தடவை தூக்க முடிந்த அதிகபட்சத்தில் 20 முதல் 30 சதவீதம். லெக் எக்ஸ்டென்ஷனில் (மெஷினில் உட்கார்ந்து முழங்காலை நீட்டி எடை தூக்குவது) அதிகபட்சம் 50 கிலோ தூக்குபவருக்கு 10 முதல் 15 கிலோ. முதல் செட் 30 தடவை, அப்புறம் 15 தடவை வீதம் மூன்று செட். நடுவில் 30 விநாடி ஓய்வு. காற்றை இறக்கக் கூடாது. ஏற்ற இரண்டு விநாடி, இறக்க இரண்டு விநாடி. முதல் செட்டில் “மேடம், இதெல்லாம் ஒரு வெயிட்டா?” என்று சிரிப்பவன், மூன்றாவதில் சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பான். அந்த எரிச்சல் சரியானதுதான்.

மரத்துப்போவதும் ஊசி குத்துவதும் சரியில்லை. பாதம் ஜில்லென்றானாலோ தலை சுற்றினாலோ உடனே காற்றை இறக்குங்கள். நம் நிறத்துக்குத் தோல் வெளுப்பது சட்டென்று தெரியாது. பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் நிறம் திரும்பாவிட்டால் அழுத்தம் அதிகம்.

அடுத்த பயிற்சிக்குப் போகும்முன் காற்றை முழுக்க இறக்கி ஓரிரு நிமிடம் விடுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். தசை வளர்ச்சியில் இது கனமான எடைக்கு ஏறக்குறைய ஈடுகொடுக்கும். பலத்தில் அந்த அளவுக்கு இல்லை. அதனால் மூட்டு தாங்கும் என்று டாக்டர் சொன்னதும் கனமான எடைக்குப் படிப்படியாகத் திரும்பிவிடுங்கள்.