ஏ.டி.வி.யில் கியர் கரகரக்கிறதா? கியர் பாக்ஸைக் கழற்றும் முன் பெல்ட்டைப் பாருங்கள்

ஏ.டி.வி. எனும், கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டியில் கியர் லிவரை நியூட்ரலிலிருந்து ரிவர்ஸுக்குத் தள்ளினால் பல் உரசுகிற சத்தம். அல்லது த்ராட்டில் கொடுத்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. இரண்டுக்கும் பழி முதலில் விழுவது கியர் பாக்ஸ் மேல்தான். பெரும்பாலும் அது நிரபராதி. பக்கவாட்டு மூடிக்குள் ஓடும் பெல்ட்டும் அதன் இரு முனைக் கிளட்சுகளும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. இந்தக் குறிப்பு சி.வி.டி. (வேக விகிதம் பெல்ட் மூலம் தானாக மாறும் அமைப்பு) பெல்ட் வண்டிகளுக்கானது.

இன்ஜின் பக்கம் இருப்பது பிரைமரி. வேகம் ஏற ஏற அதற்குள் இருக்கும் எடைகள் விலகி, இரண்டு தட்டுகளை நெருக்கிப் பெல்ட்டைக் கவ்வ வைக்கும். கியர் பாக்ஸ் பக்கம் இருப்பது செகண்டரி. ஐடிலில், அதாவது த்ராட்டில் கொடுக்காமல் இன்ஜின் ஓடும்போது, பிரைமரி விரிந்து, பெல்ட் பிடிப்பில்லாமல் இருக்க வேண்டும். இது ஒன்று புரிந்துவிட்டால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

படி 1: ஆர்.பி.எம்.மைக் கவனியுங்கள்

ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஏறுகிறது, வண்டி வேகமெடுக்கவில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறது. ஆர்.பி.எம்.மே ஏறாமல் திணறினால் இன்ஜினைப் பாருங்கள், இல்லாவிட்டால் செகண்டரி சிக்கியிருக்கும். கிளம்பும்போது மட்டும் 'டக் டக்' என்று ஒரே சீராகக் குதித்தால் பெல்ட்டில் ஓரிடம் தேய்ந்துவிட்டது. வேகம் ஏறியதும் அந்தக் குதிப்பு மறையும்.

படி 2: ஐடில் வேகம்

கியர் கரகரத்தால் ஸ்பேனர் எடுக்கும் முன் இதைப் பாருங்கள். இன்ஜின் சூடான பின் பல மாடல்களில் ஐடில் 1,200 ஆர்.பி.எம். ஒட்டி இருக்கும், உங்கள் மாடலுக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் கிடைக்கும். ஐடில் கூடினால் பிரைமரி பெல்ட்டை லேசாகக் கவ்வும். கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும், நிற்காத பல்லில் இன்னொரு பல் எப்படி விழும்? சமதளத்தில் கியர் போட்டு பிரேக்கை விட்டதும் வண்டி தானாக ஊர்ந்தால் இதுதான் காரணம், அல்லது பெல்ட் அதிக இறுக்கம். பிரைமரி ஸ்பிரிங் உடைந்தாலும் இப்படியே ஊரும்.

படி 3: மூடியைத் திறந்து பெல்ட்டைப் படியுங்கள்

சாவியை எடுத்துவிடுங்கள், மூடி ஆறட்டும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

பெல்ட்டைக் கழற்றச் செகண்டரியின் தட்டுகளை விரிக்க வேண்டும். அதற்கு அந்த மாடலுக்குரிய விரிப்பான் போல்ட்டையே வாங்குங்கள். ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலாக்குவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். தட்டில் விழும் ஒரு கீறல் அடுத்த பெல்ட்டை அரித்துவிடும். கழற்றும் முன் பெல்ட் ஓடும் திசையைச் சாக்பீஸால் குறியுங்கள்.

பக்கவாட்டுகள் கண்ணாடிபோல் பளபளத்தால் வழுக்கி எரிந்திருக்கிறது. ஓரிடம் மட்டும் இடுங்கிப் பள்ளமாக இருந்தால், வண்டி மாட்டிக்கொண்ட இடத்தில் த்ராட்டிலை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். ஓரத்து நூல் பிரிந்தாலோ பல்லிடுக்கில் வெடிப்பு தெரிந்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள். அகலத்தை வெர்னியரால் நாலு இடத்தில் அளந்து, மேனுவலில் உள்ள தேய்மான எல்லையோடு ஒப்பிடுங்கள். ஸ்கேல் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இங்கே பேச்சு அரை மில்லிமீட்டரில்.

எரிந்த பெல்ட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டும் முறை. பாரம் இழுக்கும்போதும், ஆள் நடக்கும் வேகத்தில் மேடு ஏறும்போதும் 'லோ' (மெதுவேகக் கியர்) போடுங்கள். 'ஹை'யில் அந்த வேலை செய்தால் பிரைமரி முழுதாகக் கவ்வாமல் பெல்ட்டை உரசிக்கொண்டே போகும்.

படி 4: கிளட்சுகள்

பிரைமரியின் நகரும் தட்டைக் கையால் தள்ளி விடுங்கள். தடங்கலின்றிப் போய்த் திரும்ப வேண்டும். பாதியில் நின்றால் எடைகளோ புஷ்ஷோ (தண்டைச் சுற்றியுள்ள உராய்வு வளையம்) தேய்ந்திருக்கின்றன. செகண்டரியை விரித்து விட்டால் உடனே மூட வேண்டும். சோம்பலாக மூடினால், நின்று கிளம்பும்போது வண்டி மந்தமாக இழுக்கும்.

தட்டுகளை நைலான் தேய்ப்பானால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். எண்ணெய், கிரீஸ் எதுவும் தட்டில் படக்கூடாது. பிரைமரியைக் கழற்ற அதற்குரிய புல்லர் தேவை, இல்லையென்றால் தொடாதீர்கள். விசிறி இறகில் கம்பியைக் கொடுத்துப் பிடித்தால் இறகு உடையும்.

படி 5: பெல்ட்டை மாட்டுதல் (பலர் கவிழும் இடம்)

விரிப்பான் போல்ட்டைத் தளர்த்தியதும் வேலை முடிந்ததென்று மூடியைப் போடுகிறார்கள். முடியவில்லை. மாட்டுவதற்காகப் பெல்ட்டைச் செகண்டரியின் ஆழத்தில் இறக்கினோம் அல்லவா? தட்டுகள் மூடினாலும் பெல்ட் அந்தப் பள்ளத்திலேயே இறுகி நிற்கும். பிரைமரிப் பக்கம் தொளதொளவென்று தொங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்து கிளம்பினால் முதல் நிமிடமே புதுப் பெல்ட் வழுக்கிக் கருகும். பிறகு பெல்ட் போலி என்று திட்டுவோம்.

செய்ய வேண்டியது இதுதான்: பின் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, செகண்டரியைக் கையால் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். இனி ஏறாது என்று ஆகும்வரை சுற்றுங்கள். விரல் தட்டுக்கிடையே போகாமல் வெளி விளிம்பைப் பிடித்துச் சுற்றுங்கள்.

இப்போது பெல்ட்டின் மேல்முகம் பல மாடல்களில் செகண்டரி விளிம்போடு சமமாகவோ, சற்றே உயர்ந்தோ நிற்கும். உள்ளே இறங்கி நின்றால் தளர்வு, கிளம்பும்போது வண்டி உதறும். மிக உயர்ந்து நின்றால் இறுக்கம், படி 2-இல் சொன்ன ஊர்தலும் கரகரப்பும் வரும். திருத்துவதற்கு மாடலைப் பொறுத்து ஷிம் (தட்டுகளுக்கிடையே வைக்கும் மெல்லிய வளையம்) அல்லது சரிசெய்யும் திருகு இருக்கும். ஒரு ஷிம் எடுத்தால் தட்டுகள் நெருங்கிப் பெல்ட் உயரும்.

புதுப் பெல்ட்டை முதல் 40, 50 கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள்.

படி 6: இனிதான் கியர் பாக்ஸ்

கியர் தானாகக் கழன்றால் முதலில் லிவர் கம்பியின் முனை இணைப்புகளை ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் கியர் முழுதாக விழாது. அது சரி என்றால் பெல்ட்டைக் கழற்றி, சக்கரம் தூக்கிய நிலையிலேயே ஒவ்வொரு கியராகப் போட்டுச் செகண்டரியைச் சுற்றுங்கள். சீரான இடைவெளியில் 'கிளிக்' என்றால் பல்லோ பேரிங்கோ போயிருக்கிறது. ஆயிலை வடித்து டிரெய்ன் பிளக் காந்தத்தைப் பாருங்கள்: மாவுபோன்ற சாம்பல் பசை இயல்பானது, நகம்போன்ற துண்டு இருந்தால் பாக்ஸைப் பிரிக்க வேண்டும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர். கியர் பாக்ஸுக்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாயைச் சோதியுங்கள்.

பிற்சேர்க்கை

தண்ணீரில் இறங்கிய உடனே வழுக்கினால் பெல்ட்டை மாற்றாதீர்கள். மூடியின் அடியில் உள்ள வடிகால் அடைப்பானைத் திறந்து வடியவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, விட்டு விட்டு ரேஸ் கொடுத்தால் காய்ந்துவிடும்.

யமஹாவின் அல்ட்ராமேட்டிக்கில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். கவ்வி விடுவது ஆயிலில் மூழ்கிய தனிக் கிளட்ச். அதனால் 'ஐடிலில் பெல்ட் தளர்வு' என்ற விதி அதற்குப் பொருந்தாது.

காலால் கியர் மாற்றும் ஹோண்டா வண்டிகளில் பெல்ட்டே கிடையாது. அங்கே கியர் கடினமானால் கிளட்ச் திருகின் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை லேசான தடை தட்டும்வரை திருப்பி, அங்கிருந்து கால் சுற்று பின்வாங்கிப் பூட்டுங்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். வழுக்கினால் முதலில் ஆயில் டப்பாவைப் பாருங்கள்: உராய்வு குறைக்கும் கார் ஆயில் ஊற்றியிருந்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. (ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்ற தரக் குறி) முத்திரை இருக்க வேண்டும்.