சினிமா சண்டைக்குத் தோல் சவுக்கு: பின்னுவோரும் வீசுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடபழனியில் சண்டைக் காட்சிகளுக்குப் பொருள் ஏற்பாடு செய்வோர் "10 அடிச் சவுக்கு ஒன்று வேண்டும்" என்று கேட்கும்போதே முதல் தவறு தொடங்கிவிடுகிறது. புல்விப் எனப்படும் நெடிய தோல் சவுக்கைப் பின்னுவோர், அதன் நீளத்தைக் கைப்பிடியின் அடிக்குமிழிலிருந்து பின்னல் முடியும் இடம்வரைதான் அளப்பார்கள். அதற்கு அப்பால் தொங்கும் ஒற்றை வாரும், அதன் நுனியில் கட்டப்படும் நூல் குஞ்சமும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. வார் இரண்டரை அடியும் குஞ்சம் அரை அடியும் இருந்தால், 10 அடிச் சவுக்கு உண்மையில் 13 அடி. வீசுபவரின் நீட்டிய கையையும் சேர்த்தால் அது 15 அடியைத் தாண்டி எட்டும். கேமராவை 12 அடி தள்ளி வைத்துவிட்டு, சவுக்கு 10 அடிதானே என்ற நம்பிக்கையில் அதன் பக்கத்தில் நின்ற உதவியாளர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். ஒத்திகையிலேயே கவனித்து அவரை நகர்த்த முடிந்தது. ஆகவே ஆர்டர் கொடுப்பவர் பின்னல் நீளத்தையும் முழு எட்டத்தையும் தனித்தனியாக எழுதிக் கொடுப்பதும், படப்பிடிப்புத் தளத்தில் முழு எட்டத்தை வைத்தே எல்லைக்கோடு போடுவதும் அவசியம்.

நுனியிடம் இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்பதற்கு, சவுக்கு எப்படி வெடிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சத்தம் தோல் தோலில் மோதுவதால் வருவதன்று; சவுக்கில் ஓடும் அசைவு நுனியருகே ஒலியின் வேகத்தை எட்டுவதால் காற்றில் எழும் அதிர்வே அது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். கையசைவு சவுக்கில் ஒரு வளைவை உண்டாக்குகிறது. அந்த வளைவு நுனியை நோக்கி ஓட ஓட, நகரும் பகுதியின் எடை குறைகிறது, வேகமோ கூடிக்கொண்டே போகிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் கோரியலியும் டைலர் மெக்மில்லனும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வளைவே ஒலியின் வேகத்தை எட்டும் கணத்தில்தான் வெடிப்புச் சத்தம் பிறக்கிறது என்று காட்டியது. அப்போது நுனியின் வேகம் அதைப்போல் இரண்டு மடங்கு. அத்தகைய வேகத்தில் வரும் மெல்லிய நூல்கூடத் தோலைக் கிழிக்கும், கண்ணைப் பறிக்கும்.

கர்நாடக இசையில் கோபுச்ச யதி என்று சொல்வார்கள். பசுவின் வாலைப்போல் அகன்று தொடங்கிப் படிப்படியாக ஒடுங்கும் அந்த அமைப்புதான் சவுக்குக்கும் உயிர். இந்த ஒடுக்கம் எங்கே தடைப்படுகிறதோ அங்கே ஆற்றலும் நின்றுவிடும். சந்தையில் கிடைக்கும் மலிவான சவுக்குகளைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே தலைமுதல் கால்வரை ஒரே பருமனுள்ள பருத்திக் கயிறு இருக்கும், மேலே மட்டும் தோல் பின்னியிருக்கும். பார்வைக்கு அது சவுக்கு. வீசினால் நடுவில் செத்துப்போகும். நல்ல சவுக்கில் தோலால் ஆன மெல்லிய கரு, அதன்மேல் ஓர் உட்பின்னல், அதைச் சுற்றி ஒடுங்கிச் செல்லும் ஒரு தோல் உறை, சில நேரங்களில் இன்னுமொரு பின்னல், கடைசியாகக் கண்ணுக்குத் தெரியும் மேற்பின்னல் என்று அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு தூரத்தில் முடிவதால்தான் முழுச் சவுக்கும் சீராக ஒடுங்குகிறது. இரண்டு அடுக்குகளை ஒரே இடத்தில் முடித்துவிடுவது, கயிறு வைப்பதற்கு அடுத்தபடியாக நான் மிகுதியாகக் காணும் பிழை.

இதையெல்லாம் விட்டுவிட்டு, "எத்தனை புரி?", அதாவது மேற்பின்னலில் எத்தனை வார்கள், என்று மட்டும் கேட்பவர்கள் உண்டு. புரிகள் கூடினால் பின்னல் அழகாக இருக்கும், கைவேலைப்பாடு தெரியும். வெடிக்கும் திறன் அதனால் கூடிவிடாது. 1981-இல் வெளிவந்த முதல் இந்தியானா ஜோன்ஸ் படத்துக்கு அமெரிக்கரான டேவிட் மோர்கன் பின்னிக் கொடுத்த சவுக்குகள் கங்காருத் தோலில், 12 புரிகளுடன், 8 அங்குலக் கைப்பிடி கொண்டவை. உலகம் முழுவதும் இன்றும் பின்னுவோர் அவற்றையே முன்மாதிரியாக வைத்துக்கொள்கிறார்கள் என்றால், அது உள்கட்டுமானத்தின் தரத்தால்தான் என்பது என் கருத்து.

தோலைத் தேர்ந்தெடுப்பதில் சென்னைக்காரர்களுக்கு வாய்ப்பும் அதிகம், தவறும் அதிகம். கங்காருத் தோலின் இழைகள் மேற்பரப்புக்கு இணையாகப் படிந்திருப்பதால், அதை எவ்வளவு மெல்லியதாகச் சீவினாலும் வலிமை பெரிதாகக் குறைவதில்லை. மாட்டுத் தோல் அப்படியன்று, சீவச் சீவ வலுவிழக்கும். பெரியமேட்டுக் கடைகளில் கைக்கு இதமாக இருக்கிறதே என்று உடை தைக்கும் ஆட்டுத் தோலை வாங்கி வருபவர்கள், இரண்டு நாள் பின்னியபின் வார்கள் ரப்பர்போல் நீள்வதைக் கண்டு திகைக்கிறார்கள். குரோமில் பதனிட்ட மென்மையான தோல் இழுவைக்கு நீளும். செம்மறித் தோலில் மேற்படலமும் அடிப்படலமும் எளிதில் பிரிந்துவிடும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தமிழ்நாட்டில் தலைமுறைகளாகப் பதனிடப்பட்டுவரும் வெள்ளாட்டுத் தோல், கங்காருத் தோல் கிடைக்காத இடத்தில் மிக நல்ல மாற்று. அடையாறில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் ஊரில், எந்தத் தோல் எதற்கு என்று கேட்காமல் வாங்குவது வருத்தம் தருகிறது.

வாங்கிய தோலில் வயிற்றுப் பகுதியைத் தவிர்த்து முதுகுப் பகுதியிலிருந்தே மேற்பின்னலுக்கான வார்களை எடுக்க வேண்டும். வெட்டிய வாரை உடனே பின்னக் கூடாது. முதலில் இழுத்து நீட்டி, நீள வேண்டியதை நீளவிட்டு, அதன் பிறகே சரியான அகலத்துக்கு மறுபடி வெட்டி, அடி ஓரங்களைச் சரிவாகச் சீவ வேண்டும். நான் முதலில் பின்னிய சவுக்கில் இந்த இழுப்பைத் தவிர்த்தேன். ஒரு வாரத்திலேயே புரிகளுக்கிடையில் கரு தெரிந்தது.

கைப்பிடிக்குள் வைக்கும் இரும்புக் கம்பி திடீரென்று முடியும் இடத்தில் சவுக்கு ஒடியும். ஆகவே கம்பியின் முனையை ஒடுக்கி, அந்த இடத்தைக் கடந்து தோலை இறுகக் கட்டி, விறைப்பு மெல்ல மெல்லத் தளரும்படி செய்ய வேண்டும்.

வீசுபவர் செய்யும் தவறுகளில் முதன்மையானது, சத்தம் வர வேண்டுமென்று கையைப் பின்னால் வெடுக்கென இழுப்பது. அப்படி இழுத்தால் நுனி வீசியவரின் முகத்தை நோக்கித் திரும்பும். கையை முன்னோக்கிச் செலுத்தி, வளைவைத் தானாக ஓடவிட்டாலே போதும். பயிற்சிக்கு 6 முதல் 8 அடி நீளமே ஏற்றது. கண்களைக் காக்கும் கண்ணாடியும் அகலவிளிம்புத் தொப்பியும் கழற்றப்படாமல் இருக்கட்டும். சத்தம் கூடட்டும் என்று குஞ்சத்தில் கம்பி கோப்பது, கல்போன்ற முடிச்சுகள் போடுவது ஆகியவற்றை ஸ்டன்ட் மாஸ்டர்கள் முற்றிலும் தடுக்க வேண்டும். படத்தில் கேட்கும் சத்தத்தை ஒலிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். எதிரியின் கையையோ இடுப்பையோ சவுக்கு சுற்றிக்கொள்ளும் காட்சிக்குக் குஞ்சம் கழற்றிய மென்மையான தனிச் சவுக்கு வேண்டும். வெடிக்கும் சவுக்கையே அதற்கும் பயன்படுத்துவது, நேரத்தை மிச்சப்படுத்த ஆளைப் பணயம் வைப்பதாகும்.

சவுக்கை உத்தரத்தில் சுற்றி ஒருவர் பள்ளத்தைத் தாண்டும் காட்சியைப் பார்த்தவர்கள், தோல் அந்த எடையைத் தாங்கும் என்று நம்பிவிடுகிறார்கள். சுற்றிய பின்னல் எந்தக் கணத்திலும் வழுக்கி அவிழலாம். அங்கே ஆளைத் தாங்க வேண்டியவை இடுப்பில் கட்டும் ஹார்னஸும் ரோப் குழுவினர் பூட்டும் எஃகுக் கம்பிவடமுந்தான். சவுக்கு கண்ணுக்காக மட்டும் அங்கே இருக்கிறது.

பராமரிப்பில் சென்னையின் ஈரக்காற்று பெரிய பகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்த சவுக்கில் பூஞ்சணம் படரும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் பூசுவது பரவலான பழக்கம்; அது தோலை அளவுக்குமேல் இளக்கி, நாளடைவில் நாற்றமெடுக்கவும் செய்யும். மாட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த தோல் பசையை, ஒற்றை வாருக்குச் சற்று அடிக்கடியும் பின்னலுக்கு எப்போதாவதும், மிகக் குறைவாகத் தடவினால் போதுமானது. ஆணியில் மாட்டினால் ஒரே இடத்தில் மடிப்பு விழும், ஆகையால் இயல்பாக வளையும் திசையில் தளர்வாகச் சுருட்டித் துணிப்பையில் வைக்கலாம். தார்ச்சாலையிலும் சிமென்ட் தரையிலும் வீசினால் பின்னல் தேயும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் படப்பிடிப்புகளில் ஒட்டும் மணலை அன்றே உலர்ந்த துணியால் துடைத்தெடுக்காவிட்டால், அது புரிகளுக்கிடையில் புகுந்து உள்ளிருந்தே அறுக்கும். குஞ்சம் பிய்ந்தபின் மேலும் வீசினால் ஒற்றை வார் கிழியும், வார் கிழிந்தால் அடுத்து அடி விழுவது பின்னலுக்கு. ஒவ்வொரு நாள் படப்பிடிப்புக்கும் முன்பே கட்டி வைத்த குஞ்சங்கள் சிலவும், மாற்று வார் ஒன்றும் பெட்டியில் இருக்க வேண்டும்.