தீவிர ரசிகரைப் புரிந்துகொள்வது எப்படி?

வீட்டில் யாராவது ஒரு பாட்டுக் குழுவுக்கோ தொடருக்கோ தீவிர ரசிகராகிவிட்டால், "இதில் அப்படி என்னதான் இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள், குத்திக்காட்டுவது போலத்தான் இருக்கும். "உனக்குப் பிடித்த காட்சியைப் போட்டுக் காட்டு" என்று பக்கத்தில் உட்காருங்கள். திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்: வசனம் வருவதற்கு அரை நொடி முன்பே உதடு அசையும், அப்புறம் நீங்கள் சிரித்தீர்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். கூடச் சேர்ந்து ரசிக்க ஆள் வேண்டும், பாதி விஷயம் அவ்வளவுதான். திரையில் அடிக்கடி பார்க்கும் முகம் பழகியவர் மாதிரி ஆகிவிடுவதை டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள் (ஆக, இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் திட்ட வழியில்லை). சரி, அடுத்து, அந்த ரசிகர் கூட்டத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். படம் வரைகிறாரா, வசனம் மொழிபெயர்க்கிறாரா? உழைத்த இடத்தை விட்டு வருவது கஷ்டம். தூக்கமும் பணமும் கரைந்தால் கண்டிப்பாகப் பேசுங்கள், ஆனால் அவருடைய நாயகனைத் திட்டாமல்.