டிராயரில் இருப்பதும் பரணுக்குப் போனதும்

என் மெஷின் மேஜைக்கு ஒரே ஒரு டிராயர்தான். தினமும் கைக்கு வேண்டியது மட்டும் அதில் இருக்கும். மற்றதெல்லாம் பரணில், ஒரு பழைய பிஸ்கட் டின்னில். ஈரோட்டில் வீட்டோடு ஜாக்கெட் தைத்துக் கொடுக்க ஆரம்பித்து 26 வருஷம் ஆகிறது. முதல் 20 வருஷம் அந்த டின்னில் முறுக்குதான் இருந்தது. அப்புறம், மிஞ்சிப்போகிற வெட்டுத்துணியை எல்லாம் சேர்த்து ஒட்டுப்போர்வை தைக்கலாம் என்று இறங்கினேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அப்போது வாங்கிய சாமான்கள்தான் டின்னை நிறைத்துவிட்டன. நீங்களும் தொடங்குவதாக இருந்தால் எதற்குக் காசு கொடுக்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம் என்று சொல்கிறேன்.

முதல் காசு ஊசிக்கு. ஆயிரக்கணக்கில் கொடுத்து மெஷின் வாங்குகிறவர்கள்கூட ஊசி உடைகிற வரை அதை மாற்றுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு தடவை தையல் நடுநடுவே விட்டுவிட்டு விழுந்தது. இரண்டு நாள் போராடிப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தார், ஊசியை மாற்றினார், 350 ரூபாய் வாங்கிக்கொண்டு டீயும் குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து, மெஷின் மொத்தமாக எட்டு மணி நேரம் ஓடினால் புது ஊசி போட்டுவிடுகிறேன். மணிக்கணக்கு நினைவில் நிற்காது என்றால் சத்தத்தைக் கேளுங்கள். கூரான ஊசி துணிக்குள் போவதே தெரியாது. மழுங்கினது ‘டப் டப்’ என்று குத்தும். நுனியை நகத்தின்மேல் மெல்ல இழுத்தால் கீறுகிறதா என்றும் பார்க்கலாம். பருத்திக்கு 14ஆம் நம்பர், மெல்லிய பட்டுக்கு 11, போர்வையின் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது 14 திணறினால் 16. பாக்கெட்டில் 90/14 என்று போட்டிருப்பார்கள். அந்த 90 ஊசித் தண்டின் கனம், அதாவது 0.9 மில்லிமீட்டர். பழைய ஊசியைக் கழற்றும்முன் அதன் தட்டையான பக்கம் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். புதியதும் அப்படியேதான் நிற்க வேண்டும்.

கத்திரிக்கோல் வாங்கப் போகும்போது பையில் ஒரு துண்டு லைனிங் துணி கொண்டுபோங்கள். நாலாக மடித்து, கத்திரியின் நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் எந்தக் கத்திரியும் வெட்டும். நுனி துணியை மென்றால் வேண்டாம். எனக்கு 10 இஞ்ச் கத்திரி ஒன்றே போதுமாக இருக்கிறது. அதன் பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருக்கிறேன், ‘தொடாதே’ என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் ஒருநாள் அதை எடுத்துப் பால் பாக்கெட் வெட்டினார். ரிப்பன் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒட்டுப்போர்வைக்கென்று நான் கற்றுக்கொண்டதில் பெரிய விஷயம் கால் இஞ்ச். ஜாக்கெட்டில் உள்ளே ஒரு இஞ்ச் பிடித்து வைப்போம், உடம்பு கூடினால் பிரித்துவிடலாம். ஒட்டுப்போர்வையில் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு துண்டையும் ஓரத்திலிருந்து சரியாகக் கால் இஞ்ச் விட்டுத் தைத்து இணைக்க வேண்டும். கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல். (தச்சர்கள் சொல்கிற நூல்தான், எட்டு நூல் சேர்ந்தால் ஒரு இஞ்ச்.) நீங்கள் அரை நூல் தள்ளித் தைத்தால் துண்டுக்கு அரை நூலாக இரண்டு பக்கமும் சேர்ந்து, ஒரு தையலுக்கு ஒரு நூல் போய்விடும். ஒரு வரிசையில் 16 துண்டு என்றால் 15 தையல், 15 நூல் காலி. கிட்டத்தட்ட இரண்டு இஞ்ச்! என் முதல் போர்வையின் ஒரு பக்கம் அப்படித்தான் இழுத்துக்கொண்டு நிற்கிறது. இப்போது அது நாய்க்கு.

இதற்கென்று கால் இஞ்ச் ஃபுட் (ஊசிக்கு அடியில் துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம்) விற்கிறார்கள். நல்லதுதான், ஆனால் முதலில் அது இல்லாமலே செய்து பாருங்கள். இஞ்ச் டேப்பின் நுனியை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, ஊசியைக் கையால் இறக்கி, கால் இஞ்ச் கோட்டில் தொடவிடுங்கள். டேப்பின் நுனி எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் மெஷின்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டுங்கள். நான் நாலைந்து அடுக்கு ஒட்டி வரப்பு மாதிரி உயர்த்திவிட்டேன். துணி தானாகவே அதில் முட்டிக்கொண்டு போகும். சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். ஒரு இஞ்ச் இருந்தால் சரி. குறைந்தால் மாஸ்கிங் டேப்பை ஊசிப் பக்கம் நகர்த்த வேண்டும். நான் ஐந்தாவது தடவைதான் பாஸ் ஆனேன்.

ரோட்டரி கட்டர் என்று ஒன்று இருக்கிறது. பீட்சா வெட்டுகிற சக்கரம் மாதிரி இருக்கும், ஆனால் சவரப் பிளேடு கூர்மை. ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி 1979இல் கொண்டுவந்தது. ஜாக்கெட் மட்டும் தைக்கிறவர்களுக்கு இது தேவையே இல்லை. கைக்குழி வளைவுக்குக் கத்திரிதான். ஆனால் ஒரே அளவில் இருநூறு சதுரம் வெட்ட வேண்டும் என்றால், இதற்கு ஈடு எதுவும் இல்லை. 45 மில்லிமீட்டர் பிளேடு போதும். கட்டரை மட்டும் வாங்கினால் ஆகாது, அடியில் விரிக்கிற மேட்டும் கனமான அக்ரிலிக் ஸ்கேலும் சேர்ந்தே வாங்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேல் மெல்லியது, பிளேடு அதன்மேல் ஏறி விரலுக்கு வந்துவிடும். வெட்டும்போது உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடியைப் போடுங்கள். பிளேடில் ஒரு இடத்தில் பொக்கை விழுந்தால், வெட்டிய கோட்டில் சரியாக 14 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை ஓரிரு இழை அறுபடாமல் நிற்கும். சக்கரத்தின் ஒரு சுற்று அவ்வளவுதான். குண்டூசிமேல் ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மேட் விஷயத்தில் நான் பட்டது: கழுவி, காயட்டும் என்று மொட்டை மாடியில் வைத்துவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டேன். சித்திரை வெயில். திரும்பி வந்தபோது அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. கனத்தை ஏற்றி ஒரு வாரம் வைத்தும் நிமிரவில்லை.

பிரிக்கிற கருவி. வருஷக்கணக்கில் பாதி பிளேடை வைத்துத்தான் தையல் பிரித்தேன். ஒரு கல்யாணப் பட்டு ஜாக்கெட்டின் முதுகில் பிளேடு வழுக்கி அரை இஞ்ச் கிழிந்த அன்று அதை விட்டேன். (அந்த இடத்தில் ஒரு மாங்காய் டிசைன் வேலைப்பாடு வைத்துச் சமாளித்தது வேறு கதை.) சீம் ரிப்பர் சின்னச் சாமான், இரண்டு முனை இருக்கும், நீளமானது கூர், குட்டையானதன் நுனியில் சிவப்புக் குண்டு. நேராகத் தையல்மேல் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், துணியைத் திருப்பி மறுபக்க நூலை இழுங்கள், முழுசாக வந்துவிடும். ரிப்பரும் மழுங்கும் என்பது பலருக்குத் தெரியாது. நூலை இழுத்து இழுத்து அறுக்க வேண்டி வந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

கோடு போட எனக்குப் பிடித்தது குளித்துக் கரைந்த வெள்ளைச் சோப்பின் சில்லு. கறுப்பு, அடர் நீலம், மெரூன் எல்லாவற்றிலும் பளிச்சென்று தெரியும், ஒரு அலசலில் போய்விடும். வெளிர் துணிக்கு டெய்லர் சாக். சூடு காட்டினால் மறைகிற பேனா பரணில் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி வைத்தவுடன் கோடு மறைவது பார்க்க மாயம் மாதிரிதான். ஆனால் அந்த மை போவதில்லை, நிறம்தான் போகிறது. மைனஸ் 10, 20 டிகிரிக் குளிரில் திரும்ப வந்துவிடும். கனடாவில் இருக்கிற நாத்தனார் மகளுக்கு ஒரு போர்வை அனுப்பினேன். ராத்திரி காரிலேயே விட்டிருக்கிறாள், காலையில் நான் போட்ட அத்தனை கோடும் எழுந்து நின்றிருக்கிறது. “அத்தை, இது டிசைனா?” என்று போட்டோ அனுப்பினாள்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கிற இடத்தில்தான் புதியவர்கள் அழுவார்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி. நம் ஊர் வெக்கைக்குப் பஞ்சு வேண்டாம். நான் நடுவில் வைப்பது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சென்னிமலைப் பெட்ஷீட். வங்காளத்துக் காந்தாவிலும் பஞ்சு கிடையாது, பழஞ்சேலை அடுக்குதான். ஃபுட்டுக்கு அடியில் துணியை நகர்த்துகிற மெஷினின் பல் கீழ்த்துணியை மட்டும் இழுக்கும், மேல்துணியை ஃபுட் தடுத்துப் பிடிக்கும். கடைசியில் பார்த்தால் மேல்துணி ஒரு விரல்கடை மிஞ்சி நிற்கும். இதற்குத்தான் வாக்கிங் ஃபுட். அது மேலேயும் பல் வைத்து இரண்டையும் சேர்த்து நகர்த்துகிறது. விலை கூடுதல்தான், ஆனால் மேற்கொண்டு போர்வை தைப்பீர்கள் என்றால் தயங்காதீர்கள். உங்கள் மெஷினின் ஃபுட்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய் உயரம் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது அதன் கை ஊசி ஸ்குரூமேல் உட்கார வேண்டும். நான் கீழே விட்டுவிட்டு, நகரவே இல்லை என்று அரைநாள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு போர்வைதான் என்றால் இது வேண்டாம். உள்ளங்கை இடைவெளிக்கு ஒன்றாக ஊக்கு குத்தி, கையால் நீளமாக இழை ஓட்டிவிட்டு நிதானமாகத் தையுங்கள்.

இஸ்திரிப் பெட்டியைத் தையல் சாமானாக யாரும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு தையலுக்கும் எழுந்து போட வேண்டியது அதுதான். தேய்க்காதீர்கள், வைத்து எடுங்கள். தேய்த்தால் துண்டு கோணிக்கொள்ளும். சுங்குடித் துண்டு சேர்ப்பதாக இருந்தால் முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள், சாயம் விடுகிறதா என்று.

பரண் டின்னில் மீதி என்ன இருக்கிறது என்றால், கையடக்கத் தையல் மெஷின், ஸ்டேப்ளர் மாதிரி. ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும், முடிச்சுப் போடாத முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் மாலை மாதிரி உருவிக்கொண்டு வரும். 32 ஃபுட் உள்ள பெட்டி. நான் தொட்டது ஜிப் ஃபுட்டும் ஓரம் சுருட்டுகிற ஃபுட்டும். ஊசியில் நூல் கோக்கிற தகரக் கருவி மூன்று, மூன்றிலும் கம்பி பிய்ந்துவிட்டது. 50 வயதுக் கண்ணுக்கு அதைவிட, நூலைச் சாய்வாக வெட்டி, ஊசிக்குப் பின்னால் வெள்ளைத்தாள் பிடித்துக்கொள்வதே மேல். பேட்டரிக் கத்திரிக்கோல் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

காசே இல்லாமல் டிராயருக்குள் வந்தது ஒன்று உண்டு, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். காலையில் எண்ணி 40 குண்டூசி எடுப்பேன். சாயங்காலம் காந்தத்தைத் தரையில் ஒரு சுற்று ஓட்டி, எண்ணி 40 வைப்பேன். போன வாரம் 39தான் தேறியது. மெஷினுக்கு அடியில், துணி மூட்டைக்குள், பாய்க்குக் கீழே எல்லாம் தேடிவிட்டேன். ராத்திரி சாப்பிட உட்காரும்போது வீட்டுக்காரர் ‘ஆ’ என்று எழுந்தார். வேட்டியில் இருந்தது.