ஸ்டாக் டர்போ என்ஜினில் 400 ஹார்ஸ்பவர்: ராடு வளையாமல் எடுக்கும் வழி

ஸ்டாக் (கம்பெனி போட்டுக் கொடுத்த) கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனை கிராங்க்குடன் இணைக்கும் தண்டு, வளைவது பெரும்பாலும் 3000 ஆர்பிஎம் பக்கத்தில், ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போதுதான். அந்த வேகத்தில் பிஸ்டன் நிதானமாக நகர்கிறது. எரிப்பின் உச்ச அழுத்தம் அதன் தலைமேல் அதிக நேரம் நிற்கிறது, நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாகப் பற்றி வெடிப்பது) வரவும் அவகாசம் கிடைக்கிறது. ஹார்ஸ்பவர் என்பது டார்க்கையும் (சுழற்று விசை) ஆர்பிஎம்மையும் பெருக்கி வரும் கணக்கு. 400 ஹார்ஸ்பவரை 5000 ஆர்பிஎம்மில் எடுக்க 570 நியூட்டன் மீட்டர் டார்க் வேண்டும். அதையே 6500-ல் எடுத்தால் 440 போதும், ராடு மேல் விழும் சுமையும் குறையும். உள்பாகங்களைப் பிரிக்காமல் சக்தியைக் கூட்டும் வேலை முழுவதும் இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கிறது. இங்கே வரும் எண்கள் 2 லிட்டர், 4 சிலிண்டர் பெட்ரோல் என்ஜினுக்கானவை.

எந்த என்ஜின் எங்கே உடையும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ வார்ப்பிரும்பு பிளாக் கொண்டது; கம்பெனி கொடுத்த சக்தியைப்போல் இரு மடங்கை ஸ்டாக் உள்பாகங்களோடு தாங்கும். சுபாருவின் இஜே257-ல் வார்ப்பு பிஸ்டனின் ரிங் லேண்ட்தான் (ரிங்குகளுக்கு இடையிலுள்ள வரம்பு) முதலில் போகும். இன்னொரு பலவீனம், ரிங் கேப், அதாவது பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி. ஸ்டாக் சக்திக்கு ஏற்ற இடைவெளிதான் கம்பெனி விட்டிருக்கும். அதிக சூட்டில் ரிங் விரிந்து இரு முனைகளும் முட்டிக்கொண்டால், பிஸ்டன் மேல்பகுதி பெயர்ந்து வந்துவிடும்.

பார்ட்ஸ் வாங்குமுன் என்ஜின் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜினைச் சூடாக்கி, எல்லா பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுசாகத் திறந்து கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கவும். சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. பிறகு லீக்டவுன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் காற்று அடைத்துக் கசிவை அளப்பது: கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20-ஐத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆயில் மூடியில் காற்றுச் சத்தம் கேட்டால் ரிங். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். கடைசியாக டர்போவின் வாயை அடைத்து, 1.5 பார் காற்று கொடுத்து, எல்லா ஹோஸ் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். பழைய வண்டிகளில் இந்த ஒரு வேலையிலேயே தொலைந்த பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) திரும்பக் கிடைப்பது உண்டு.

பூஸ்ட்டைக் கூட்டுவதற்கு முன்பே எரிபொருள் தயாராக இருக்க வேண்டும். டர்போ பெட்ரோல் என்ஜின் ஒரு ஹார்ஸ்பவருக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்ட் எரிபொருள் குடிக்கும். 400-க்கு 240 பவுண்ட். நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்து, 80 சதவீத டியூட்டி சைக்கிள் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) வைத்தால், ஒவ்வொன்றும் மணிக்கு 75 பவுண்ட், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 790 சிசி. ஈ85 (எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள்) போடுவதாக இருந்தால் 30 முதல் 40 சதவீதம் கூடுதலாக ஓட வேண்டும். 1050 சிசிக்குக் குறையக் கூடாது. பம்ப் தேர்ந்தெடுக்கும்போது அட்டையில் போட்ட லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், அது குறைந்த அழுத்தத்தில் அளந்ததாக இருக்கும். 3 பார் அடிப்படை அழுத்தத்துடன் 1.5 பார் பூஸ்ட் சேர்ந்தால் பம்ப் 4.5 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். பழைய மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கினால் அங்கேயும் ஓட்டம் குறையும். புது ரிலேயும் தடித்த வயரும் போடுங்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜினில் தடை வேறு இடத்தில், ஹை பிரஷர் பம்ப்பில். லாகில் (ஓட்டும்போது என்ஜின் கணினியிலிருந்து எடுக்கும் பதிவு) ரெயில் அழுத்தம், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாயின் எரிபொருள் அழுத்தம், இலக்கைவிடச் சரியத் தொடங்கினால் எரிபொருள் முடிந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் பூஸ்ட் ஏற்றக் கூடாது.

அடுத்து காற்று. நிமிடத்துக்கு 1 பவுண்ட் காற்று ஏறக்குறைய 10 ஹார்ஸ்பவர். அப்படியானால் 40 பவுண்ட் தரக்கூடிய கம்ப்ரஸர் வேண்டும். ஸ்டாக் டர்போ 30-லேயே முடிந்துவிடுவதாக இருந்தால், பூஸ்ட் மீட்டரில் முள் ஏறும், ஆனால் கிடைப்பது வெறும் சூடான காற்றுதான். 30 டிகிரி காற்றை 70 சதவீதத் திறனில் 1 பார் பூஸ்ட்டுக்கு அழுத்தினாலே அது 125 டிகிரி ஆகிவிடும். பெரிய இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் பாகம்) இல்லாமல் டியூன் செய்வது வீண்வேலை. டவுன்பைப்பை (டர்போவுக்குப் பின் வரும் எக்ஸாஸ்ட் குழாய்) அகலமாக்கும்போது வேஸ்ட்கேட்டைக் (எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவைச் சுற்றித் திருப்பி பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் கதவு) கவனியுங்கள். எக்ஸாஸ்ட் தாராளமானதும் சின்ன வேஸ்ட்கேட் துவாரம் போதாமல், மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். துவாரத்தைப் பெரிதாக்குவதோ எக்ஸ்டர்னல் வேஸ்ட்கேட்டோதான் வழி. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் பல நாடுகளில் அந்த வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது.

பிளக் ஒரு படி, தேவைப்பட்டால் இரண்டு படி குளிர்ந்த ரகம் (வெப்பத்தைச் சீக்கிரம் வெளியே கடத்துவது), இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். அதிக பூஸ்ட்டில் பொறி அணைந்தால் உடனே காயிலைச் சந்தேகிக்கிறார்கள், பெரும்பாலும் காரணம் இந்த இடைவெளிதான். ஆயில் ஆவியைப் பிடித்துச் சேர்க்கும் ஆயில் கேட்ச் கேனும் போடுங்கள், இன்டேக்கில் கலக்கும் ஆயில் ஆவி பெட்ரோலின் ஆக்டேனைக் குறைக்கும்.

இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மறந்தால் எல்லாம் வீண். 2.5 பார் சென்சார், வளிமண்டலத்தையும் சேர்த்து அளப்பதால், 1.5 பார் பூஸ்ட்டுக்கு மேல் எதையும் பார்க்காது. 3 பார் அல்லது 4 பார் சென்சார் போட்டு, ஈசியுவில் (என்ஜின் கணினி) அளவையும் மாற்றுங்கள். காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் டர்போவுக்குப் பின்னால், டவுன்பைப்பின் மேல்பாதியில் இருக்கட்டும். கீழே வைத்தால் நீர்த்துளி விழுந்து கெடும்.

இனி டைனோ, அதாவது வண்டியின் சக்தியை அளக்கும் இயந்திரம். வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் குறைந்தபட்ச பூஸ்ட்டில், ஸ்டாக்கைவிட 4 டிகிரி பின்னுக்கு இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்) வைத்து, த்ராட்டிலை முழுசாகத் திறந்து முதல் ஓட்டம் எடுக்கவும். பூஸ்ட்டில் காற்று-எரிபொருள் விகிதம் 11.5 முதல் 11.8 வரை. லாகைப் பார்த்து, டைமிங்கை 1 டிகிரியாக ஏற்றுங்கள். டார்க் கூடாத இடத்தில் கடைசி டிகிரியைத் திரும்ப எடுத்துவிடுங்கள், அது சிலிண்டர் அழுத்தத்தை மட்டுமே கூட்டுகிறது. நாக் வந்தாலும் அப்படியே, ஆனால் 2 டிகிரி எடுங்கள். பிறகுதான் பூஸ்ட், ஒரு முறைக்கு 0.1 பார்.

பூஸ்ட் இலக்கை ஆர்பிஎம் வாரியாகப் போடுங்கள்: 3500 வரை 0.8 பார், 4500-ல் 1.2, 5500-க்கு மேல் 1.5. டார்க் கோடு எங்கேயும் 450 நியூட்டன் மீட்டரைத் தாண்டாமல், தட்டையாக நீண்டு போக வேண்டும். கீழே அடிக்கும் அந்த முதுகுத் தள்ளல் இதில் கிடைக்காது. அதைக் கேட்பவர்கள் ஃபோர்ஜ்டு (அடித்து வடித்த, வலுவான) ராடு போட்டுக்கொள்ளட்டும். நேரடி இன்ஜெக்ஷன் என்ஜினில் டாப் கியரில் 2000 ஆர்பிஎம்மில் முழுசாக மிதிப்பதைத் தவிர்க்கவும். ஆயில் துளியால் பொறிக்கு முன்பே பற்றிக்கொள்ளும் எரிப்பு ஒரே தடவையில் பிஸ்டனை உடைத்துவிடும். கால்சியம் குறைந்த ஆயில் இதைக் குறைக்கிறது.

இன்டேக் காற்று 50 டிகிரியைத் தாண்டியதும் டைமிங் தானாகக் குறையவும், பூஸ்ட் இலக்கைவிட 0.2 பார் மீறினால் எரிபொருள் நிற்கவும் ஈசியுவில் ஏற்பாடு செய்யுங்கள்.

ஆயிலை 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றி, ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் பிளக்கைக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானில் மினுமினுக்கும் சிறு புள்ளிகள் இருந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். டைமிங்கை 2 டிகிரி இறக்கி, அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரைச் சோதித்த பிறகே மறுபடி பூஸ்ட்டில் ஓட்டவும்.