லேடில் லைனிங் சீக்கிரம் தேய்கிறதா? செங்கல் மேல் பழி போடும் முன் பார்க்க வேண்டிய தவறுகள்

உருக்கு ஆலையில் ஒரு லேடில் எதிர்பார்த்த ஆயுளுக்கு முன்பே தேய்ந்துவிட்டால், முதலில் திட்டு வாங்குவது செங்கல்தான். "இந்த லாட் சரியில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பல நேரங்களில் அந்தச் செங்கல் முதல் ஹீட்டை (ஒரு முறை உருக்கு நிரப்பி இறக்கும் சுற்றை) பார்ப்பதற்கு முன்பே ஆயுளில் ஒரு பகுதியை இழந்திருக்கும். கிடங்கில் ஈரம் பட்டிருக்கும், கட்டும்போது முனை உடைந்திருக்கும், சூடேற்றும்போது கார்பன் எரிந்து போயிருக்கும். எந்தச் சோதனைச் சான்றிதழிலும் இவை தெரியாது.

லேடில் என்பது உலையிலிருந்து உருகிய உருக்கை வாங்கி, சுத்திகரித்து, வார்ப்பு மேடைக்குக் கொண்டுபோகும் பெரிய கலம். வெளியே இரும்பு ஷெல், அதை ஒட்டி பாதுகாப்பு லைனிங், அதற்கும் உள்ளே உருக்கையும் அதன் மேல் மிதக்கும் கசடான ஸ்லாக்கையும் நேரடியாகத் தாங்கும் வேலை லைனிங். உள்ளே இருக்கும் உருக்கின் வெப்பம் 1600 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஷெல்லின் சாதாரண கார்பன் உருக்கு 400 டிகிரியைத் தாண்டினாலே பலமிழக்கத் தொடங்கிவிடும். நடுவில் இருப்பது சில அங்குலச் செங்கல் மட்டுமே.

உருகுநிலையைப் பார்த்து வாங்குவது

மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) சுமார் 2800 டிகிரியில் உருகும். அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) சுமார் 2050, சிலிக்கா சுமார் 1710. இந்த எண்களைப் பார்த்தால் அதிகம் இருப்பதை வாங்கிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் லைனிங் பெரும்பாலும் உருகிப் போவதில்லை, கரைந்துதான் போகிறது. கரைப்பது ஸ்லாக். அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை டிகிரி தாங்கும்?" என்பதல்ல, "என் ஸ்லாக்கில் என்ன இருக்கிறது?" என்பதே.

சுண்ணாம்பு மிகுந்த கார ஸ்லாக்குக்குச் சிலிக்கா செங்கல் நல்ல இரை. சிலிக்கா மிகுந்த அமில ஸ்லாக் மக்னீசியாவைத் தின்னும். இந்தப் பொருத்தம்தான் உருக்குத் தொழிலின் வரலாற்றையே ஒரு முறை திருப்பியது. 1856-ல் ஹென்றி பெஸ்ஸமர் காப்புரிமை பெற்ற, காற்றை ஊதி இரும்பை உருக்காக்கும் கன்வெர்ட்டரில் லைனிங் சிலிக்கா சார்ந்தது. பாஸ்பரஸை நீக்கச் சுண்ணாம்பு ஸ்லாக் வேண்டும், சுண்ணாம்பைப் போட்டாலோ லைனிங் கரைந்துவிடும். ஆகவே பாஸ்பரஸ் மிகுந்த இரும்புத் தாது வெகுகாலம் அந்த முறைக்கு உதவாமல் கிடந்தது. 1870-களின் இறுதியில் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸும் அவருடைய உறவினர் பெர்சி கில்கிறிஸ்டும் டோலமைட் (சுண்ணாம்பும் மக்னீசியாவும் சேர்ந்த கார வகைப் பொருள்) லைனிங்கைக் கொண்டுவந்த பிறகே அந்தக் கதவு திறந்தது. உலையையே மாற்றாமல் உள்பூச்சை மாற்றித் தீர்த்த பிரச்சினை அது.

இன்னொரு எண்ணும் ஆளை ஏமாற்றும்: குளிர்நிலை நசுக்கு வலிமை. இது அறை வெப்பத்தில் அளப்பது. ரெசின் (பிசின்) பிணைப்புள்ள மக்னீசியா-கார்பன் செங்கலில் இந்த எண் முக்கியமாக ரெசினையும் அழுத்திய விதத்தையும் பற்றித்தான் பேசுகிறது. 1600 டிகிரியில் அந்தச் செங்கல் எப்படி இருக்கும் என்று சொல்வதில்லை. இரண்டு நிறுவனங்களின் விவரத்தாளை ஒப்பிடும்போது இந்த ஒரு வரியை வைத்து முடிவெடுப்பதைப் பலமுறை பார்க்கலாம். மக்னீசியா எந்த வகை, அதன் தூய்மை என்ன, படிகங்கள் பெரியவையா சிறியவையா, வெளித்துளைகள் எவ்வளவு, கார்பன் எத்தனை சதவீதம், சூட்டில் வளைவு வலிமை எவ்வளவு என்று கேட்பது அதைவிடப் பயன் தரும்.

லேடில் முழுக்க ஒரே செங்கல் போடுவதும் வீண் செலவு. சுவரில் ஸ்லாக் மிதக்கும் மட்டமான ஸ்லாக் லைனில் கடுமையான அரிப்பு, அடியில் உருக்கு வந்து விழும் இடத்தில் இடி, நடுச்சுவரில் ஒப்பீட்டளவில் சாதாரண வேலை. ஸ்லாக் லைனுக்கு மக்னீசியா-கார்பன், கீழ்ச்சுவருக்கு அலுமினா-மக்னீசியா-கார்பன் என்று பிரிப்பது பரவலான வழக்கம். எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தேய்ந்து முடிவதுபோல வகையையும் கனத்தையும் அமைக்க வேண்டும். ஓரிடம் மட்டும் முதலில் போய்விட்டால், மிச்சமிருக்கும் நல்ல செங்கல் எல்லாம் இடிபாட்டோடு போகும்.

தண்ணீர்

இந்தத் தொழிலில் தண்ணீரைப்போல் எதிரி கிடையாது. அதுவும் சத்தமில்லாமல் வேலை செய்யும்.

மக்னீசியா ஈரத்தோடு சேர்ந்தால் மக்னீசியம் ஹைட்ராக்சைடு ஆகும். பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். செங்கலின் உள்ளே ஒரு துகள் அப்படி வீங்கினால் சுற்றியிருப்பது விரிசல் விடாமல் என்ன செய்யும்? டோலமைட்டில் நிலைமை இன்னும் மோசம். அதிலுள்ள சுண்ணாம்பு காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் டோலமைட் செங்கல்களை ஈரம் புகாத உறையில் இறுக்கமாகக் கட்டி அனுப்புகிறார்கள். அந்த உறையில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தாலும் அந்தக் கட்டைத் தனியே வைத்து, பிரித்துப் பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும். கட்டப் போவதற்கு முந்தின வாரமே எல்லாக் கட்டையும் பிரித்து அடுக்கி வைப்பது வேலைக்குச் சுலபமாகத் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. பிரித்ததைச் சீக்கிரம் கட்டி முடித்து, கட்டியதைச் சீக்கிரம் சூடேற்ற வேண்டும்.

கெட்டுப்போன செங்கலைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. விளிம்பை நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். மேலே வலைப்பின்னல்போல மெல்லிய விரிசல் ஓடியிருக்கும். நல்ல செங்கலைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், இது மந்தமாக ஒலிக்கும். கையில் எடுத்துப் பார்க்கச் சில நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் அதைச் செய்பவர்கள் குறைவு.

வெட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். வைர பிளேடில் தண்ணீர் ஊற்றி வெட்டினால் தூசி அடங்கும், பிளேடும் சூடாகாது. ஆனால் டோலமைட்டையும் மக்னீசியாவையும் தண்ணீரில்லாமல் வெட்டி, தூசியை உறிஞ்சு கருவியால் இழுப்பதே சரி. தண்ணீர் கலந்த சாந்தை இந்தச் செங்கல்களில் போடுவதும் அதே தவறுதான்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மக்னீசியா-கார்பன் செங்கலில் கார்பன் எரிந்துவிடாமல் காக்க அலுமினியத் தூள் சேர்ப்பார்கள். சூட்டில் அந்த அலுமினியமும் கார்பனும் சேர்ந்து அலுமினியம் கார்பைடு உருவாகும். லேடில் சூடாக ஓடும் வரை இதனால் தொல்லை இல்லை, செங்கலுக்குப் பலம்கூடச் சேரும். ஆனால் பாதி ஆயுளில் லேடிலை நிறுத்தி, ஈரமான காலத்தில் சில நாள் குளிரவிட்டுப் பாருங்கள். கார்பைடு ஈரத்தோடு வினைபுரிந்து மீத்தேன் வாயுவை விட்டு, வீங்கி, செங்கலைப் பொடியாக்கும். நிறுத்தும்போது நன்றாக இருந்த லைனிங் திரும்ப எடுக்கும்போது உதிர்ந்து நிற்கும். "ஓடாமலேயே எப்படித் தேய்ந்தது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். அவசரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கட்டும்போது

உருக்கு செங்கலைத் துளைப்பதைவிட இரண்டு செங்கலுக்கு நடுவே நுழைவதுதான் சுலபம். லைனிங்கின் உண்மையான பலவீனம் இணைப்புகளில் இருக்கிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் உருக்கு தகடாக உள்ளே ஓடி உறையும். அடுத்த ஹீட்டில் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும்.

சாந்தைத் தடிமனாக அப்பி மட்டத்தைச் சரிசெய்வது பழகிப்போன குறுக்குவழி. அடித்தளம் மேடுபள்ளமாக இருந்தால் அதை முதலில் மட்டப்படுத்த வேண்டும். முதல் வரிசையில் விட்ட பிழை மேலே போகப்போகப் பெரிதாகும், குறையாது. செங்குத்து இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றிக் கட்ட வேண்டும் என்பது வீடு கட்டும் கொத்தனாருக்கும் தெரிந்ததுதான்.

அதிகம் கெடுவது கடைசிச் செங்கலில். வளையத்தின் கடைசி இடைவெளியை அளந்து, அதற்கேற்ற ஆப்புச் செங்கல் வைத்து இறுக்க வேண்டும். நடப்பதென்ன? கையில் கிடைத்த செங்கலை மெல்லிய துண்டாக வெட்டிச் சொருகிவிடுவார்கள். பாதிக்கும் குறைவான அகலத்தில் வெட்டிய துண்டு முதல் சில ஹீட்டுகளிலேயே உடைந்து விழும், வளையம் முழுக்கத் தளரும். அப்படி மெல்லிய துண்டு வேண்டியிருந்தால், இரண்டு மூன்று செங்கல்களைச் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி இடைவெளியைப் பங்கிடுவது நல்லது. ஒவ்வொரு வரிசையிலும் இந்த அடைப்பு ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது. உருக்கு வந்து மோதும் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம். தட்டி உட்காரவைக்க ரப்பர் சுத்தியல் போதும். இரும்புச் சுத்தியல் பட்டால் முனை தெறிக்கும், அந்த முனைதான் பின்னால் உருக்கு நுழையும் வாசல்.

விரிவுக்கு இடம் விடுவதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. 1000 டிகிரிக்குச் சூடாகும்போது மக்னீசியா ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் விரியும். இடமே விடாவிட்டால் செங்கல்களின் உள்முகங்கள் ஒன்றையொன்று நெரித்துச் சில்லுகளாகத் தெறிக்கும். அதிகம் விட்டால் உருக்குக்கு வழி. செங்கல் தயாரித்தவர் தரும் விரிவு அளவைப் பார்க்காமல், போன முறை விரிவு இடைவெளிக்கு வைத்த அட்டையின் தடிமனையே இந்த முறையும் வைப்பது சரியல்ல. செங்கல் வகை மாறியிருந்தால் கணக்கும் மாறும்.

வேலை லைனிங்குக்கும் பாதுகாப்பு லைனிங்குக்கும் நடுவே இடித்து இறுக்கும் தூளைச் சீராக நிரப்ப வேண்டும். உள்ளே காலியிடம் விட்டுப் போனால் செங்கலுக்குப் பின்னால் பிடிமானம் இல்லை. அடியிலுள்ள போரஸ் பிளக், வெல் பிளாக் இரண்டைச் சுற்றியும் இருமடங்கு கவனம் தேவை. வாயு ஊதுவதும் உருக்கு இறங்குவதும் அங்கேதான், பல கசிவுகள் தொடங்குவதும் அங்கேதான்.

முதல் சூடு

கார்பனுள்ள செங்கலுக்குக் காற்று விஷம். 500 டிகிரியை ஒட்டியே கார்பன் காற்றில் எரியத் தொடங்கும். பர்னரில் அதிகக் காற்று விட்டு, மெதுவாக, மணிக்கணக்கில் சூடேற்றினால் உள்முகத்திலிருந்து சில மில்லிமீட்டர் வரை கார்பன் போய்விடும். மிஞ்சுவது துளைகள் நிறைந்த, பிடிப்பில்லாத மக்னீசியா. முதல் ஹீட்டில் ஸ்லாக் அதைச் சுரண்டிக்கொண்டு போகும். உள்முகத்தில் ஆக்சிஜனைத் தடுக்கும் பூச்சு அடிப்பதும், பர்னரில் காற்று-எரிபொருள் விகிதத்தைச் சரியாக வைப்பதும், ஆபத்தான வெப்ப எல்லையில் தேவையில்லாமல் நிறுத்தி வைக்காமல் இருப்பதும் இதற்கு மருந்து. ரெசின் கருகும்போது வரும் புகையைக் கண்டு பதறிப் பர்னரை அணைத்து அணைத்து எரிப்பவர்களும் உண்டு. புகை வருவது இயல்பு, அது வெளியேற வழி இருந்தால் போதும்.

செங்கலாக இல்லாமல் தண்ணீர் கலந்து வார்க்கும் காஸ்டபிளில் இதற்கு நேர்மாறு: அங்கே அவசரம்தான் எமன். கலவையில் உள்ள தண்ணீர் வெளியேறும் முன் வேகமாகச் சூடேற்றினால், உள்ளே சிக்கிய நீராவி அழுத்தம் கூடி துண்டு துண்டாக வெடிக்கும். குறைந்த சிமெண்ட் காஸ்டபிள் அடர்த்தியானது, நீராவிக்கு வழி குறைவு. அதில் பாலிப்ரோப்பிலீன் நார் கலப்பதே இதற்காக; நார் உருகி நுண்குழாய்போல் வழிவிடும். சரி, தண்ணீரை முதலிலேயே குறைவாகச் சேர்க்கலாமே? அதிலும் சிக்கல்: கலவை இறுகி, அதிர்வூட்டினாலும் உட்காராது. அதனால் வேலையாட்கள் குழாயைத் திறந்து கண்மட்டத்துக்கு ஊற்றுவார்கள். ஊற்றிய கூடுதல் தண்ணீர் பின்னால் துளையாகத்தான் மிஞ்சும். பையில் அச்சிட்ட அளவை எடையாக அளந்து சேர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கோக் உலைகளில் உள்ள சிலிக்கா செங்கலுக்கு வேறு கணக்கு. சிலிக்காவின் ஒரு படிக வடிவமான குவார்ட்ஸ் மீதமிருந்தால் 573 டிகிரியில் திடீரென்று பருமன் மாறும், இன்னொரு வடிவமான கிறிஸ்டோபலைட் அதற்கும் மிகக் கீழேயே மாறும். அதனால் சிவக்கும் வரை மிக நிதானமாக ஏற்ற வேண்டும், ஏறிய பிறகு குளிரவிடவே கூடாது.

ஓடும்போது

செங்கல் கட்டுபவர் செய்யும் தவறுகளைவிட ஸ்லாக்கைக் கவனிப்பவர் செய்யும் தவறுகள்தான் லைனிங்கை அதிகம் தின்னும் என்பது என் கணிப்பு. உப்பு நிறைந்த தண்ணீரில் மேலும் உப்பு கரையாது அல்லவா, அதுபோல மக்னீசியா நிறைந்த ஸ்லாக் செங்கலிலிருந்து மக்னீசியாவைக் கரைக்க அவ்வளவு அவசரப்படாது. டோலமைட் சுண்ணாம்பையோ மக்னீசியாவையோ ஸ்லாக்கில் முன்கூட்டியே சேர்ப்பது இதற்காகத்தான். எவ்வளவு என்பது ஸ்லாக்கின் காரத்தன்மையையும் சூட்டையும் பொறுத்தது. "போன மாதம் போட்ட அளவு" என்று கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது.

ஸ்லாக் கெட்டியாக இருக்கிறது என்று புளூரைட்டை அள்ளிப் போடுவது இன்னொன்று. ஸ்லாக் நன்றாக இளகும். செங்கலின் துளைகளுக்குள்ளும் அதே சுலபத்தில் இறங்கும். உலையிலிருந்து இரும்பு ஆக்சைடு மிகுந்த ஸ்லாக்கை லேடிலுக்குள் ஓடவிடுவதும் அப்படியே. அந்த ஆக்சைடு செங்கலின் கார்பனை எரித்துவிடும். கன்வெர்ட்டரில் 1990-களில் பரவிய ஒரு நல்ல வழக்கம் உண்டு: உருக்கை இறக்கிய பின் மிச்ச ஸ்லாக்கை நைட்ரஜனால் ஊதிச் சுவரில் தெளித்துப் பூசுவது. லைனிங் ஆயுள் பல மடங்கு கூடியது. ஆனால் அங்கும் ஸ்லாக்கில் மக்னீசியா போதுமான அளவு இல்லாவிட்டால் பூச்சு நிற்காது.

ஷெல் சூடாகிறது என்று பின்னால் வெப்பத்தடுப்பு அட்டையைக் கூட்டுவது பார்க்கப் புத்திசாலித்தனமாக இருக்கும். ஷெல் குளிரும், உண்மை. ஆனால் வெப்பம் வெளியேறாததால் லைனிங் உள்ளுக்குள் அதிகம் சூடாகும். முன்பு பாதி வழியில் உறைந்த உருக்கு இப்போது இன்னும் ஆழமாக ஓடிய பிறகே உறையும். அட்டையைக் கூட்டும் முன் வெப்பக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். ஷெல்லில் ஓரிடம் மட்டும் சிவந்தால் அது அட்டையால் தீரும் விஷயமே அல்ல, லேடிலைக் காலி செய்ய வேண்டிய அவசரம்.

லைனிங்கை இடிக்கும் நாளில் பெரும்பாலான ஆலைகளில் யாரும் பக்கத்தில் இருப்பதில்லை, இயந்திரம் இடித்துத் தள்ளிவிடும். ஆனால் எங்கே எவ்வளவு கனம் மிச்சமிருக்கிறது, உருக்குத் தகடு எந்த இணைப்பில் எவ்வளவு ஆழம் ஓடியிருக்கிறது, உள்முகத்துக்குப் பின்னால் வெளிறிய அடுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேறு வாய்ப்பு கிடைக்காது. வெளிறிய அடுக்கு சூடேற்றியதில் பிழையைக் காட்டும். தகடுகள் கட்டியதில் பிழையைக் காட்டும். மழமழவென்று சீராகக் கரைந்திருந்தால் ஸ்லாக்கைப் பார்க்க வேண்டும். போகிறவர் சரியான மூச்சுக் கவசத்தோடு போகட்டும். சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. குரோம் கலந்த செங்கலை இடித்திருந்தால் அதைத் தனியே ஒதுக்க வேண்டும். காரப் பொருட்களோடு சூட்டில் ஓடியதில் அதிலுள்ள குரோமியம் தண்ணீரில் கரையும் நச்சு வடிவத்துக்கு மாறியிருக்கலாம்.