குளிரில் கிளம்ப மறுத்த கார்புரேட்டர் கார்

இரவு முழுவதும் நின்ற பிறகு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் கொண்ட என் பழைய காரின் எஞ்சின் செல்ஃப் மோட்டாரை நெடுநேரம் சுழற்றினாலும் பற்றிக்கொள்ளாது. ஒருமுறை சூடாகிவிட்டாலோ சாவியைத் திருப்பியதும் ஓடத் தொடங்கும். ஆகவே, ஸ்பார்க் பிளக்குகளை மாற்றச் சொன்ன ஆலோசனையைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் சோக்கைச் சந்தேகித்தேன். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாமல் கலவையை எஞ்சினுக்குக் கொண்டுசெல்லும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் சுவர்களில் திரவமாகவே படிந்துவிடுவதால், காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டுவதே கார்புரேட்டரின் வாயிலுள்ள சோக் தகட்டின் வேலை.

ஏர் ஃபில்டரின் மூடியைக் கழற்றிவிட்டு, சோக் குமிழை முழுவதும் இழுத்துவைத்துப் பார்த்தபோது, தகடு பாதியளவே மூடியிருந்தது. குமிழையும் தகட்டையும் இணைக்கும் கேபிளின் உறையைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருந்ததால், இழுவையின் ஒரு பகுதி உறை நகர்வதிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. தகட்டின் அச்சில் படிந்திருந்த பிசுக்கைக் கார்புரேட்டர் கிளீனரால் கரைத்தபின், குமிழை உள்ளே தள்ளிய நிலையில் தகடு முழுவதும் திறந்திருக்குமாறு கேபிளைச் சரிசெய்து கிளிப்பை இறுக்கினேன். இதைக் கவனிக்காவிட்டால், எஞ்சின் சூடான பிறகும் பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடித்துக் கரும்புகை கக்கும். எஞ்சின் ஓடாதபோது எஞ்சினுக்குள் செல்லும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை அசைத்து, அது திறக்கும்போது கூடுதல் பெட்ரோல் தரும் ஆக்சிலரேட்டர் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சுவதையும் உறுதிசெய்துகொண்டேன். இப்போது சோக்கை முழுவதும் இழுத்தால் எஞ்சின் உடனே பற்றிக்கொள்கிறது. சூடேறச் சூடேறக் குமிழைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளிவிடுகிறேன்.